நீக்கும் வரிக்கும் ஒரு சாட்சி வேண்டும்

கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய ஒரு காட்டின் ஓரத்தில் எங்கள் வீடு. அங்கே உட்கார்ந்து நான் பார்க்கும் வேலை, மற்றவர்கள் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்வது. எங்கள் நிறுவனம் மழைமானி, மண் ஈரமானி போன்றவற்றை இணைக்கும் சிறு பலகைகளைத் தயாரிக்கிறது. பலகைக்குள் லினக்ஸ் ஓடுகிறது. அண்மையில் என் பார்வைக்கு வந்த ஒரு திருத்தத்தின் தலைப்பு, 'டிரைவரில் தேவையற்ற நல் செக்குகளை நீக்குதல்'. அனுப்பியவள் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகாத இராசிபுரத்துப் பெண். பிழை தேடும் கருவி ஒன்றை ஓட்டி, அது சுட்டிய இடங்களிலெல்லாம் வெட்டியிருந்தாள். புதிதாகச் சேர்த்தது ஒரு வரியும் இல்லை; எல்லாம் நீக்கம். "அக்கா, இது வெறும் கிளீனப்தான். சாயங்காலத்துக்குள்ள ஓகே பண்ணிடுங்க" என்று கூடவே ஒரு செய்தி.

சாயங்காலத்துக்குள் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது எங்கள் அலுவலகத்தோடு நின்றுவிடும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் நிரல் எழுதாதவர்களும் படிக்கும் இந்த இடத்தில் எழுதுகிறேன்.

கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேசும் நிரல்தான் டிரைவர். ரேஷன் கடையில் நாம் விரல் வைக்கும் பெட்டி, அரசுப் பேருந்தில் நடத்துநர் கையில் இருக்கும் டிக்கெட் மிஷின், சட்டைப்பையில் கிடக்கும் செல்பேசி என்று எதைப் பிரித்தாலும் உள்ளே டிரைவர்கள் இருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மூன்று கோடி வரிகளைத் தாண்டி வெகுநாளாகிறது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தாம்.

இந்த நிரல்கள் நினைவகத்தில் உள்ள பொருட்களை முகவரி வைத்துத் தேடுகின்றன. அந்த முகவரியைப் பாயிண்டர் என்கிறோம். பொருள் இன்னும் உருவாகவில்லை, அல்லது அப்படியொரு பொருளே இல்லை என்றால் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருக்கும். அதுதான் 'நல்'. சுழிய முகவரிக்குப் போய் எதையாவது எடுக்க முயன்றால் சாதாரணச் செயலி ஒன்று தான் மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால், விழும்போது கருவி முழுவதையும் இழுத்துக்கொண்டு விழக்கூடும். 1965-இல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைக்கும்போது இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் அறிஞர் டோனி ஹோர். 2009-இல் லண்டன் மாநாடு ஒன்றில் அவரே அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் பிழை என்று சொன்னார். அந்தப் பிழையிலிருந்து தப்பிக்க நிரலாளர்கள் போடும் காவல்தான் நல் செக்: 'இது சுழியமா? ஆமாம் என்றால் திரும்பிப் போ.'

என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேவையில்லாத காவலை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுப்பவர், 'இந்தப் பாயிண்டர் இந்த இடத்தில் சுழியமாக இருக்காது என்று உறுதி தருவது யார்' என்ற கேள்விக்கு, எந்தக் கோப்பில் எந்தப் பகுதி என்று பெயர் சொல்லிப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் இல்லாத நீக்கம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உள்ளே விடக் கூடாது.

இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒரு வரியால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் உண்டு. தேவையில்லாத காவல், படிப்பவரிடம் பொய் சொல்கிறது. 'இங்கே சுழியம் வரலாம்' என்று நம்பி அடுத்து வருபவர் இன்னும் நாலு இடத்தில் காவல் போடுவார். எது உண்மையான ஆபத்து, எது பயத்தில் போட்டது என்று பிரிக்க முடியாமல் போகும். அதைவிட மோசம், பிழையை மூடி மறைக்கும் காவல். எங்கள் பலகையில் அப்படி ஒன்று இருந்தால், உள்ளே ஏதோ உடைந்திருக்க, நிரல் சத்தமில்லாமல் திரும்பிப் போகும். வெளியே மழை கொட்டும். பதிவேட்டில் சுழியம் மில்லிமீட்டர் என்று ஏறும். கருவி நின்றுபோனால் யாராவது வந்து பார்ப்பார்கள். தப்பான எண்ணைத் தந்துகொண்டே ஓடும் கருவியை யாரும் பார்க்க வரமாட்டார்கள். ஆகவே அந்தப் பெண் கையில் கத்தரி எடுத்ததில் எனக்குச் சம்மதமே.

அவள் வெட்டியவற்றில் பாதி, பார்த்தவுடன் சரி என்று சொல்லக்கூடியவை. நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் 'கே-ஃப்ரீ' என்ற செயற்கூறு, சுழியத்தைக் கொடுத்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். அது அதன் எழுதப்பட்ட ஒப்பந்தம். சி மொழியின் 1989 தரநிலையிலேயே 'ஃப்ரீ'க்கு இதே விதி இருக்கிறது. 'சுழியம் இல்லையென்றால் மட்டும் விடுவி' என்று அதற்கு முன்னால் இன்னொரு காவல் எதற்கு? கெர்னலோடு வரும் 'செக்பேட்ச்' நிரலே இதைக் கண்டால் எச்சரிக்கும். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜூலியா லாவாலும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கிய 'காக்சினெல்' கருவிக்கு, இத்தகைய இடங்களைக் கெர்னல் முழுக்கத் தேடிப்பிடிக்க ஒரு தனி விதியே கெர்னலுக்குள் இருக்கிறது. இதிலும் ஒரு விலக்கு உண்டு. விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஓடும் பாதையில், பாயிண்டர் பெரும்பாலும் சுழியமாகவே இருக்கும் என்றால், ஒரு செயற்கூறை வீணாக அழைக்காமல் இருக்க அந்தக் காவலை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை மழையை எண்ணும் எங்கள் பலகைக்கு அந்தக் கவலை கிடையாது.

அடுத்தது, இல்லாமலே இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பொருட்கள். எங்கள் பலகைகளில் ஒரு வகைக்கு ரீசெட் கம்பி உண்டு. மலிவான வகைக்குக் கிடையாது. டிரைவர் ஒன்றுதான். கம்பியை 'இருந்தால் கொடு' என்று கேட்கும் செயற்கூறு, கம்பி இல்லாத பலகையில் சுழியத்தைத் தரும். அங்கே சுழியம் பிழையாகாது. 'இந்தப் பலகையில் அது கிடையாது' என்ற தகவல். கம்பியை ஏற்றி இறக்கும் செயற்கூறும் சுழியத்தை அமைதியாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நடுவில் டிரைவர் போடும் காவல் தேவையில்லை. இதையும் சரி என்று குறித்தேன்.

இதுவரை உறுதி தருபவர் அழைக்கப்படும் செயற்கூறுதான். ஆனால் அந்த உறுதிக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள். வலைச் சாதனத்தின் மீதான பிடியை விடும் 'டெவ்-புட்' என்ற கெர்னல் செயற்கூறு சுழியத்தைப் பொறுத்துக்கொள்ளத் தொடங்கியது 2021-இல்தான். அதன்பின் அதைச் சுற்றியிருந்த காவல்களை எடுக்கும் திருத்தங்கள் வந்தன, அவை சரியானவை. ஆனால் விற்பனையாகிக் களத்தில் இருக்கும் கருவிகள் புதிய கெர்னலுக்கு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பு நீண்டகாலப் பராமரிப்பில் இருப்பதால் பலரும் அதிலேயே நிற்கிறார்கள். புதிய கெர்னலில் செய்த நீக்கத்தை மட்டும் எடுத்து, அதற்கு அடிப்படையான மாற்றத்தை எடுக்காமல் பழையதில் ஒட்டினால், நேற்றுவரை ஓடிய கருவி விழும். ஒட்டியவர் மாற்றியதோ 'வெறும் கிளீனப்'. இந்தப் பெண்ணின் திருத்தத்தில் இப்படி ஒரு இடம் இருந்தது. நம் கருவிகளில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று திருப்பிக் கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. ஓராண்டு அனுபவம்கூட இல்லாதவளிடம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் திருத்தத்தில் இருந்தே ஆக வேண்டும்.

என்னை நிறுத்தியது இன்னோர் இடம். மழைமானிக்குள் இரண்டு சிறு வாளிகள் துலாக்கோல் போல அமைந்திருக்கும். ஒன்றில் 0.2 மில்லிமீட்டர் மழைக்கான நீர் சேர்ந்ததும் அது சாய்ந்து கொட்டும். சாயும்போதெல்லாம் ஒரு காந்த சுவிட்சு மூடித் திறக்கும். அந்தத் துடிப்பு பலகையின் புராசஸரைக் குறுக்கிட்டு, 'ஒரு வாளி சாய்ந்தது' என்று சொல்லும். இந்தக் குறுக்கீட்டைக் கையாளும் பகுதியில், எண்ணிக்கையை எழுதிவைக்கும் இடத்தின் பாயிண்டர் சுழியமா என்று ஒரு காவல் இருந்தது. பிழை தேடும் கருவி அதைத் தேவையற்றது என்றது. அந்தப் பெண் எடுத்துவிட்டாள். அவள் எழுதிய காரணம், 'தொடக்கத்திலேயே இந்த இடம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது' என்பது.

ஒதுக்கப்படுகிறது, உண்மை. ஆனால் எந்த வரிசையில்? தொடக்கப் பகுதியைத் திறந்து பார்த்தால், குறுக்கீட்டைப் பதிவு செய்யும் வரி முதலில் இருந்தது. நினைவகம் ஒதுக்கும் வரி அதற்குச் சில வரிகள் கீழே. இரண்டுக்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான இடைவெளிதான். ஆய்வகத்தில் பலகையை மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தால் அந்த இடைவெளியில் எந்த வாளியும் சாயாது. ஆயிரம் முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். கொல்லிமலையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் எப்படிப் போகும், எப்படி வரும் என்று இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். இடி இடிக்கும், போகும்; கொட்டும் மழைக்கு நடுவே வரும், மறுபடி போகும். பலகை உயிர்பெறும் நேரத்தில் வாளி சாய்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு துடிப்பு விழுந்தால், காவல் இருக்கும்வரை ஒரு வாளிக் கணக்கு மட்டும் தவறும். காவலை எடுத்தபின் பலகையே விழும், அதுவும் மழையை எண்ணுவது எப்போது மிக முக்கியமோ அப்போது.

அந்தக் காவலை எழுதியவர் யாரோ, இதைக் களத்தில் ஒரு முறை சந்தித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். காரணத்தைக் குறித்துவைக்காமல் போய்விட்டார். அதனால்தான் பின்னால் வந்தவளுக்கு அது குப்பையாகத் தெரிந்தது.

எங்கள் மலைப்பாதையிலும் இதே கதைதான். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் பேருந்து ஓட்டுநர்கள் ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தே திரும்புவார்கள். பல வளைவுகளில் எதிரே ஒரு வண்டியும் இருக்காது. வல்வில் ஓரி விழாவின்போது கீழே ஒருவரை நிறுத்தி, சாலையை ஒருவழியாக்கினால் ஹாரன் தேவையில்லைதான். ஆனால் அதை முடிவு செய்ய, வளைவில் இத்தனை நாள் யாரும் வரவில்லை என்ற கணக்குப் போதாது. கீழே நிற்பவர் உண்மையில் நிற்கிறாரா என்று தெரிய வேண்டும்.

எங்கள் டிரைவரில் கீழே யாரும் நிற்கவில்லை. தீர்வு எளிதானது. முதல் திருத்தம், நினைவகத்தை ஒதுக்கிவிட்டு அதன்பின் குறுக்கீட்டைப் பதிவு செய்யும்படி வரிசையை மாற்றுவது. இரண்டாவது திருத்தம், இப்போது உண்மையாகவே தேவையற்றுப்போன காவலை எடுப்பது. இரண்டையும் தனித்தனியாக, இந்த வரிசையிலேயே அனுப்பச் சொன்னேன். பகிர்ந்துகொள்ளப்படும் குறுக்கீடுகளுக்கு, பதிவை நீக்கும் நேரத்தில் ஒரு பொய்த் துடிப்பை அனுப்பிச் சோதிக்கும் வசதியும் கெர்னலில் இருக்கிறது. அதை இயக்கிப் பார்க்கவும் சொன்னேன். அணைக்கும் பாதையையும் கேட்டேன். அங்கே நினைவகத்தை முதலில் விடுவித்துக் குறுக்கீட்டைப் பின்னால் நிறுத்தினால், நடுவில் வரும் துடிப்பை எந்த நல் செக்கும் காப்பாற்றாது. விடுவிக்கப்பட்ட முகவரி தானாகச் சுழியமாகிவிடுவதில்லை.

கருவிகள் சுட்டுவதில் மிக ஆபத்தான வகை ஒன்று உண்டு. 'மேலே ஏற்கெனவே இந்தப் பாயிண்டரைப் பயன்படுத்திவிட்டீர்கள். கீழே சுழியமா என்று கேட்பது வீண்' என்று கருவி சொல்லும். தர்க்கம் பிசகாதது. அதை நம்பிக் கீழே உள்ள காவலை எடுப்பவர்கள் 2009-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸில் 'டன்' என்று ஒரு டிரைவர் இருக்கிறது. விபிஎன் பயன்படுத்துபவர்கள் அறியாமலே பயன்படுத்துவது அது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு மாற்றத்தில், ஒரு பாயிண்டரின் உள்ளிருந்து மதிப்பை எடுக்கும் வரி மேலேயும், அதே பாயிண்டர் சுழியமா என்று கேட்கும் வரி கீழேயும் அமைந்துவிட்டன. நிரலைப் படிப்பவர் கண்ணுக்குக் காவல் இருக்கிறது. ஆனால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர், 'மேலே பயன்படுத்தியாகிவிட்டது. ஆகவே சுழியமாக இருக்க முடியாது. ஆகவே இந்தக் கேள்வி வீண்' என்று முடிவு செய்து காவலையே தூக்கிவிட்டது. ஜூன் மாதம் வெளிவந்த 2.6.30 பதிப்பில் அது இருந்தது. ஜூலையில் பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்லர், இதைக்கொண்டு சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று செய்துகாட்டினார். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2009-1897 என்று அதற்கு எண். சரிசெய்ததோ ஒரு வரியைக் காவலுக்குக் கீழே இறக்கியதுதான். கெர்னலைக் கட்டும்போது இப்படிப்பட்ட காவல்களை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்கு ஒரு கட்டளையும் அந்தக் கோடையில் சேர்ந்தது.

கம்பைலர் செய்ததும், கருவி சொல்வதை அப்படியே வெட்டும் நிரலாளர் செய்வதும் ஒன்றே. பயன்பாடு மேலே, கேள்வி கீழே என்று இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. எது தவறு என்பதைக் கருவியால் சொல்ல முடியாது; இந்தச் செயற்கூறை யார் யார் அழைக்கிறார்கள் என்று போய்ப் பார்த்த மனிதரால்தான் முடியும்.

2022-இல் இன்னொன்று நடந்தது. கெர்னலில் பட்டியல்களைச் சுற்றிவரும் ஒரு வழக்கமான சுழற்சி இருக்கிறது. தேடியது கிடைக்காமல் சுழற்சி முடிந்தால் பாயிண்டர் சுழியமாக இருக்கும் என்று பல டிரைவர்களில் நம்பியிருந்தார்கள். அப்படி ஆகாது, பட்டியலின் தலைப்பகுதியைப் பொருளாக எண்ணி ஒரு போலி முகவரி நிற்கும். ஆகவே சுழற்சிக்குப் பின் 'சுழியமா' என்று கேட்கும் காவல் ஒருநாளும் பிடிக்காது. கருவியின் கணக்கில் அது தேவையற்றது. ஆனால் அதை எடுத்தெறிந்தால், 'கிடைக்கவில்லையென்றால் நிறுத்து' என்று எழுதியவர் மனத்தில் இருந்த எண்ணமும் சேர்ந்து அழியும். பிழையோ அப்படியே இருக்கும். யுஎஸ்பி டிரைவர் ஒன்றில் தொடங்கிய அந்த விவாதம், சுழற்சி மாறியைச் சுழற்சிக்கு வெளியே பயன்படுத்துவதே தவறு என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொல்லும் வரை போனது. 1989 தரநிலையில் நின்றிருந்த கெர்னலின் சி மொழி, அதே ஆண்டு 5.18 பதிப்பில் 2011 தரநிலைக்கு மாறியதற்கு இந்த விவாதமே தூண்டுகோல். பிடிக்காத காவலைப் பார்த்து 'இது எதற்கு' என்று ஒருவர் நின்றால், இவ்வளவு தூரம் போக முடியும்.

காவல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விழுந்து, மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் 'நல் செக் போடாததால் வந்த வினை' என்று உலகம் முழுக்கப் பரவியது. உண்மை வேறு. 20 உள்ளீடுகளைக் கொடுத்துவிட்டு 21-வது உள்ளீட்டைப் படிக்கப் போனதுதான் கோளாறு. மைக்ரோசாப்ட் பின்னர் வெளியிட்ட ஆய்வைப் படித்தால், விழுந்த வரிக்குச் சற்று முன்னால் ஒரு நல் செக் இருந்தது தெரியும். முகவரி சுழியமாக இல்லை, குப்பையாக இருந்தது. காவல் 'போகலாம்' என்றது. எங்கே எத்தனை உள்ளீடு வரும் என்று இரு பகுதிகளுக்கு இடையே இருந்த ஒப்பந்தத்தை யாரும் சரிபார்க்கவில்லை. நான் கேட்கும் சாட்சி அந்த ஒப்பந்தத்துக்குத்தான். காவலை எடுத்தாலும் போட்டாலும் அதே கேள்வி.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில், விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. மலையில் எங்கள் வீட்டில் கணினி என்று முதலில் நுழைந்தது அதுதான். அது தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஓடிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு டிரைவர் கண்விழித்துச் சொல்லும் சொல் என்று பின்னால் புரிந்தது. யாரோ எழுதி, யாரோ படித்து, சரி என்று சொன்ன வரிகள். அப்படிப் படித்தவர்களுக்கு நான் பட்ட கடனை நன்றாக உணர்கிறேன்.

அதனால்தான், நம் கல்லூரிகளும் வேலை வாங்கித் தரும் பயிற்சி நிலையங்களும் திறந்த மூலப் பங்களிப்பை எண்ணிக்கையாக மாற்றுவது எனக்கு வலிக்கிறது. 'ஆறு மாதத்தில் இத்தனை பேட்ச்' என்று தன்விவரக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எளிதாகக் கிடைக்கும் பேட்ச், அதாவது திருத்தம், எது? கருவியை ஓட்டு, சுட்டியதை வெட்டு, அனுப்பு. இப்போது செயற்கை நுண்ணறிவு இருப்பதால் வெட்டுவதற்கும் விளக்கம் எழுதுவதற்கும் கை நோகாது. 2020 அக்டோபரில், நான்கு திருத்தம் அனுப்பினால் டி-சட்டை என்ற ஒரு விழாவில், இந்திய யூடியூப் காணொளி ஒன்றைப் பார்த்த மாணவர்கள் உலகத்தின் திட்டங்களையெல்லாம் பயனற்ற திருத்தங்களால் நிரப்பினார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்று விழாவின் விதியையே நடுவில் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாணவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களிடம் யாரும் மதிப்பாய்வாளர் ஒருவரின் ஒரு மணிநேரம் எவ்வளவு பெறும் என்று சொல்லித் தரவில்லை.

அந்த மணிநேரத்தின் விலை 2021-இல் தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே குறையுள்ள திருத்தங்களை அனுப்பி மதிப்பாய்வாளர்களைச் சோதித்தது வெளியே வந்தது. கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே தடுத்தார். அங்கிருந்து அதுவரை வந்திருந்த 435 திருத்தங்களையும் கெர்னல் நிரலாளர்கள் உட்கார்ந்து மறுபடி படித்தார்கள். 349 சரியாக இருந்தன. 39-ஐத் திருத்த வேண்டியிருந்தது. அந்தப் பழைய திருத்தங்களில் பலவும் நல் செக் சேர்ப்பது போன்ற சின்னஞ்சிறு டிரைவர் மாற்றங்கள், நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்டவை. சின்ன மாற்றம் என்பதால் யாரும் ஆழ்ந்து படிக்கமாட்டார்கள் என்பதுதான் அந்தச் சோதனையின் அடிப்படையே. அவர்கள் செய்த விதம் தவறு. அவர்கள் கை வைத்த இடம் உண்மையாகவே பலவீனமான இடம்.

எனக்கு அந்த இராசிபுரத்துப் பெண் மேல் கோபம் வரவில்லை. தொலைபேசியில் பேசியபோது அவள் கேட்டாள்: "அக்கா, ஒரு வரியை எடுக்கறதுக்கு நான் மூணு ஃபைல் படிக்கணுமா?" படிக்கணும் என்றேன். அந்த மூன்று கோப்புகளைப் படித்து முடித்தபோது, மழைமானி டிரைவரை எங்கள் அலுவலகத்தில் யாரையும்விட அவள் நன்றாக அறிந்திருந்தாள். தேவையற்ற காவல்களை எடுப்பது புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று நான் நம்புவது அதனால்தான். வெட்டுவதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சாட்சியைத் தேடிப் போகும்போது, யார் யாரை அழைக்கிறார்கள், எது முதலில் உயிர்பெறுகிறது, எது கடைசியில் அடங்குகிறது என்று ஒரு டிரைவரின் முழு வாழ்க்கையும் கண்முன் வரும். பாடப்புத்தகத்தில் கிடைக்காத படிப்பு அது.

நிறுவனங்கள் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். மதிப்பாய்வு செய்த மணிநேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். எழுதியவரின் வரி எண்ணிக்கை மட்டும் பதவி உயர்வைத் தீர்மானிக்கக் கூடாது. திருத்தத்தின் விளக்கத்தில் 'தேவையற்றது என்பதால் நீக்கப்பட்டது' என்ற ஒற்றை வாக்கியம் வந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பும் உரிமை மதிப்பாய்வாளருக்கு வேண்டும். ஒரு காவல் உண்மையாகத் தேவைப்படுகிறது என்றால், எழுதுபவர் அதன் காரணத்தையும் அதன் மேலேயே எழுதிவைக்க வேண்டும். எங்கள் டிரைவரில் 'மழை நடுவே மின்சாரம் வந்தால்' என்று நாலு சொல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தானியங்கி மழைமானிகள், ரேஷன் கடைக் கருவிகள், டிக்கெட் மிஷின்கள் என்று பொதுப்பணத்தில் வாங்கும் கருவிகளில் பல லினக்ஸ் கெர்னலில் ஓடுகின்றன. அந்தக் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், கருவியை விற்பவர் தாம் மாற்றிய கெர்னல் நிரலை, வாங்கியவர் கேட்டால் தர வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள கடமை. ஒப்பந்தப்புள்ளியில் அதை வெளிப்படையாகக் கேட்கலாம். நிரலோடு, எந்த வரி ஏன் மாறியது என்ற வரலாற்றையும் சேர்த்துக் கேட்கலாம். இங்கே ஒரு கருவி நின்றுபோனால் அதைச் சரிசெய்பவர் நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ மலையேறி வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் அதுவும் இல்லை. அப்படி வாங்கும் நிரலை நாமக்கல், சேலம் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களிடம் கொடுத்து, ஒரு பருவம் முழுக்க ஒரே ஒரு டிரைவரைப் படித்து அறிக்கை எழுதச் சொல்லலாம். தொடங்குவதற்கு எங்கள் பலகையின் டிரைவரைக் கொடுக்க எங்கள் நிறுவனம் சம்மதித்திருக்கிறது. படிக்க வரும் மாணவர்களுக்கு மதிப்பாய்வு சொல்லித்தர நானும் அந்தப் பெண்ணும் தயாராக இருக்கிறோம்.